ஓரடி மண்ணுக்கு ஏர் எதற்கு?

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பது தமிழகத்து உழவர்கள் அனைவரும் அறிந்த முதுமொழி. ஆழமான மண்ணுக்கு அது பொன்னான அறிவுரை. ஆனால் ஓரடியிலேயே பாறை கிடக்கும் நிலத்தில் ஆழ உழுவது எப்படி? நாட்டுக் கலப்பையின் கொழு கல்லில் முட்டும். டிராக்டர் கலப்பையோ கல்லைப் பெயர்த்து மேலே போடும். நல்ல மண் மழையோடு பள்ளத்துக்குப் போய்விட, நிலத்தில் கல் மட்டும் மிஞ்சும். இத்தகைய நிலத்துக்கு உழுவது வேலை அல்ல. உழாமல் காப்பாற்றுவதே வேலை.

விழுப்புரம், கடலூர், அரியலூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் மேட்டுப் பகுதிகளில் 'கடலூர் மணற்பாறை' என்று புவியியலார் பெயரிட்டுள்ள பாறை அடுக்கு பரவிக் கிடக்கிறது. இதன்மேல் பெரும்பாலான இடங்களில் செம்மண் நல்ல ஆழத்தோடு இருக்கிறது. பண்ருட்டிப் பலாவும், விருத்தாசலம் முந்திரியும், ஆலங்குடி நிலக்கடலையும் அந்த ஆழமான மண்ணின் கொடை. ஆனால் எல்லா இடத்திலும் அந்த ஆழம் இல்லை. மேட்டின் உச்சியிலும் சரிவிலும் மண் கரைந்து போய், ஒரு முழத்துக்குள்ளேயே இறுகிய கல் தட்டும் இடங்கள் ஏராளம். அவை ஊரின் மேய்ச்சல் புறம்போக்காகவோ, சிறு விவசாயியின் கடைசிக் கொல்லையாகவோ இருக்கின்றன.

இந்த நிலத்துக்கு இன்று மூன்று பக்கத்திலிருந்தும் ஆபத்து. 'தரிசைத் திருத்துகிறோம்' என்று இயந்திரத்தை விட்டுப் புரட்டுவது ஒன்று. சாலை போடவும் வீடு கட்டவும் சரளை அள்ளுவது மற்றொன்று. கணக்கு வழக்கின்றி ஆடு மாடுகளை விட்டு ஆண்டு முழுவதும் மேய்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த மண்ணின் இயல்பை அறியாமை. உள்ளதே ஓரடி மண். போனால் திரும்ப வராது.

மண் பிறந்த கதை

மணற்பாறை என்பது பழைய மணல்தான். ஆறுகள் அடித்து வந்து குவித்த மணல், காலப்போக்கில் இரும்பு, சிலிக்கா, களி ஆகியவற்றால் ஒட்டப்பட்டுக் கல்லாகியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரங்கள் இதற்குச் சாட்சி. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள், மணலுக்குள் புதைந்து கல்லாகி, இன்று இந்த மணற்பாறையில் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. கடலூர் முந்திரித் தோப்பின் அடியில் இருப்பதும் அந்தப் பழைய ஆற்று மணல்தான்.

இந்தக் கல் வெயிலிலும் மழையிலும் சிதையும்போது என்ன கிடைக்கும்? மீண்டும் மணல்தான். மணலின் பெரும்பகுதி வெண்கல் என்னும் குவார்ட்ஸ் துகள். அது எளிதில் கரையாது. பயிருக்கு எந்தச் சத்தையும் தராது. கருங்கல்லோ, கரிசலுக்குத் தாயான எரிமலைப் பாறையோ சிதையும்போது சாம்பல்சத்து, சுண்ணாம்பு, மக்னீசியம் போன்றவை மண்ணுக்குச் சேரும். மணற்பாறையோ ஏழைத் தாய். ஆகவே அதன் பிள்ளையான மண்ணும் பிறவியிலேயே ஏழை.

கல்லை ஒட்டவைத்த இரும்பு மட்டும் மண்ணில் தங்கி அதற்குச் செந்நிறம் தருகிறது. மழைக்காலத்தில் நனைவதும் கோடையில் காய்வதுமாக இருப்பதால் இந்த இரும்பு சில இடங்களில் கூடி இறுகிச் செம்புறாங்கல் ஆகிவிடுகிறது. மேல்மண் அரித்துப் போன மேடுகளில் கடப்பாறையில் தட்டுவது பெரும்பாலும் இந்தக் கல்லே. அதற்கு மேலே சரளை கலந்த மணற்சாரி மண் ஒரு போர்வைபோல் கிடக்கிறது. போர்வையின் தடிப்பு 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மிக ஆழமற்ற மண் என்றும், 25 முதல் 50 சென்டிமீட்டர் வரை இருந்தால் ஆழமற்ற மண் என்றும் மண் ஆய்வாளர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

இந்தப் போர்வை ஓர் அங்குலம் புதிதாக உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். ஒரு மனிதனின் ஆயுளில் கண்ணுக்குத் தெரியும் அளவு மண் பிறப்பதில்லை; இழப்பதை மட்டுமே காண முடியும்.

ஓரடி மண் எத்தனை நாள் தாங்கும்?

இம்மண்ணின் குணத்தை அறிய ஒரு சிறு கணக்குப் போதும். மணற்சாரி வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 முதல் 120 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்குப் பயன்படும்படி பிடித்து வைக்கும். ஓரடி ஆழம் என்றால் 30 முதல் 36 மில்லிமீட்டர். அதிலும் சரளைக்கல் நீர் பிடிக்காது. ஆகவே 30 மில்லிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீரைச் செலவிடும். ஆக, மண் முழுக்க நனைந்தாலும் அந்த ஈரம் 6 நாளுக்குத்தான் வரும்.

ஆழமான கரிசல் மண்ணில் மழை நின்று மூன்று வாரம் ஆனாலும் பயிர் பச்சையாய் நிற்பதும், இந்த மேட்டு நிலத்தில் ஒரு வாரத்திலேயே வாடித் தலை சாய்வதும் இதனால்தான். இது விவசாயியின் கவனக்குறைவு அல்ல. விதையின் குற்றமும் அல்ல. குடம் சிறியது, அவ்வளவுதான்.

குடம் சிறியதென்றால் சீக்கிரம் வழியும். ஓர் ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 2 லட்சம் லிட்டர். மண் பிடித்து வைப்பது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். மீதி 80 ஆயிரம் லிட்டர் எங்கே போகும்? கீழே கல் வெடித்திருந்தால் அந்த வெடிப்பில் இறங்கும். வெடிப்பு இல்லையென்றால் கல்லின் மேலாகச் சரிவில் ஓடும். ஓடும் தண்ணீர் வெறுங்கையோடு போகாது. மண்ணையும் அள்ளிக்கொண்டே போகும்.

பயிருக்கும் புல்லுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் நேரத்தில் 10 நாள் மழை பொய்த்தால் மகசூல் விழுந்துவிடும். அதே 10 நாளில் கொழுக்கட்டைப் புல் இலையைக் காயவிட்டுத் தூரில் உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்த மழைக்கு மூன்றாம் நாளே துளிர்க்கும். பயிர் சாகும், புல் தூங்கும். வானத்தை நம்பிய ஓரடி மண்ணில் தூங்கத் தெரிந்த செடிக்கே வாழ்வு உண்டு.

சத்து இருப்பது மேல் நான்கு விரலில்

இம்மண் பொதுவாக அமிலத் தன்மை உள்ளது. கார அமில நிலை பெரும்பாலும் 5 முதல் 6.5 வரை இருக்கும். களிப்பங்கு குறைவு என்பதால் போட்ட உரத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் குறைவு. யூரியா போட்ட மறுநாள் கனமழை பெய்தால் தழைச்சத்தின் பெரும்பகுதி தண்ணீரோடு இறங்கிவிடும். மணிச்சத்தோ வேறு விதமாக வீணாகிறது. மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் பயிருக்கு எட்டுவதில்லை. துத்தநாகம், போரான் ஆகிய நுண்ணூட்டங்களும் குறைவாகவே இருக்கும்.

அப்படியானால் இவ்வளவு நாள் இங்கே புல்லும் புதரும் எதை உண்டு வளர்ந்தன? மேல் நான்கு விரல் மண்ணில் சேர்ந்துள்ள மக்கை உண்டு வளர்ந்தன. புல்லின் வேர் ஆண்டுதோறும் செத்து மக்கி, அந்த மக்கு அடுத்த ஆண்டுப் புல்லுக்கு உணவாகிறது. இம்மண்ணின் செல்வமெல்லாம் மேல்தட்டிலேயே இருக்கிறது. பெட்டியின் அடியில் சேமிப்பு எதுவும் இல்லை.

இந்த மேல்தட்டை உழுது புரட்டினால் முதல் ஓரிரு ஆண்டுகள் விளைச்சல் நன்றாகவே இருக்கும். பல விவசாயிகள் ஏமாறுவது இந்த முதல் விளைச்சலைக் கண்டுதான். காற்றும் வெயிலும் பட்டு மக்கு வேகமாகச் சிதைவதால் சத்து ஒரேயடியாக விடுபடுகிறது. அது மண்ணின் வருமானம் அல்ல, முதல். மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் முதல் தீர்ந்ததும் மண் மேலே இறுகி, விதைத்த விதை முளைத்து வெளிவரவே திணறும்.

உளிக்கலப்பை எங்கே உதவும், எங்கே உதவாது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். செம்மண் நிலங்களில் அடிமண் இறுக்கத்தைப் போக்க உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம்வரை கீறிவிட வேண்டும் என்பது வேளாண்மைத் துறையினர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் பரிந்துரை. அது சரியான பரிந்துரைதான். மேலிருந்து இறங்கிய களி, இரும்பு ஆக்சைடுகளோடு சேர்ந்து அடிமண்ணில் ஒரு கெட்டித் தட்டாகப் படிகிறது. அந்தத் தட்டுக்குக் கீழே மறுபடியும் மண் இருக்கிறது. தட்டைக் கீறிவிட்டால் வேரும் நீரும் கீழே இறங்கும்.

ஆனால் ஓரடியில் தட்டுவது பாறையாக இருந்தால், அதற்குக் கீழே வேர் போவதற்கு மண் இல்லை. அங்கே உளிக்கலப்பை ஓட்டினால் டீசல் செலவுதான் மிச்சம். இரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் ஒரே பரிந்துரையை எல்லா மேட்டு நிலத்துக்கும் சொல்வது மருத்துவர் நாடி பாராமல் மருந்து கொடுப்பது போன்றதாகும்.

நாடி பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கடப்பாறை போதும். நல்ல மழை பெய்த மூன்றாம் நாள், நிலத்தின் குறுக்கும் நெடுக்கும் 20 தப்படிக்கு ஓரிடமாகக் கடப்பாறையை இறக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 'ணங்' என்று கல்லோசை கேட்டால் பாறை. மந்தமாக முட்டி, இரண்டு மூன்று குத்தில் இறங்கினால் கெட்டித் தட்டு. சந்தேகமான இடத்தில் ஒரு சிறு குழி வெட்டிப் பார்த்தால் உண்மை கண்ணுக்குத் தெரியும். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மறுநாளும் தண்ணீர் நின்றால் அடியில் வெடிப்பில்லை என்று பொருள். ஒரு பகல் வேலையில் இரண்டு ஏக்கர் நிலத்தின் ஆழம் முழுவதும் தெரிந்துவிடும். இயந்திரத்துக்கு வாடகை பேசுமுன் இந்தக் கடப்பாறைச் சோதனையைச் செய்யாதவர் பணத்தைக் கல்லில் கொட்டுபவர்.

உழுதால் இழப்பது எவ்வளவு?

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 6 டன். ஒரு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாத தடிப்பு. சரிவில் உழுதுபோட்ட நிலம் ஐப்பசி அடைமழையில் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் மண்ணை இழப்பதாக வைத்துக்கொள்வோம். மக்கு நிறைந்த மேல் 3 அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர், 25 ஆண்டுகளில் போய்விடும். அப்பன் உழத் தொடங்கிய நிலத்தில் மகன் கல் பொறுக்கத் தொடங்குவான்.

அமெரிக்காவின் சமவெளிப் புல்வெளிகளை 1920-களில் பெருமளவு உழுதுபோட்டார்கள். 1930-களில் மழை பொய்த்தபோது அந்த மண் புழுதிப் புயலாகப் பறந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகே 1935-இல் அந்நாட்டில் மண் பாதுகாப்புக்கென்று தனித் துறை ஏற்பட்டது. நிலங்களை எட்டு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை அத்துறை வகுத்தது. முதல் நான்கு வகுப்புகள் உழவுக்கு ஏற்றவை. பின் நான்கும் புல்லுக்கும் மரத்துக்கும் காட்டுயிர்க்கும் உரியவை. இந்திய மண் ஆய்வாளர்களும் இந்த முறையையே கையாளுகிறார்கள். சரிவில் கல்மேல் கிடக்கும் ஓரடி மண் பெரும்பாலும் பின் நான்கில்தான் விழும். ஆகவே இது கருத்து வேறுபாட்டுக்குரிய செய்தியன்று. நிலத்தை வகைப்படுத்தும்போது ஏற்றுக்கொள்வதும், திட்டம் போடும்போது மறந்துவிடுவதுமே குறை.

அளவற்ற மேய்ச்சலும் உழவுதான்

உழவைத் தடுத்துவிட்டால் போதும், மண் தானே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிரம் குளம்புகள் ஆண்டு முழுவதும் மிதித்தால் அதுவும் ஒருவகை உழவுதான். ஈரத்தில் மிதிபட்ட மண் இறுகுகிறது. கோடையில் மிதிபட்ட மண் புழுதியாகப் பறக்கிறது.

ஒரு மேய்ச்சல் தரை நலமாக இருக்கிறதா என்பதை அங்குள்ள செடிகளே சொல்லிவிடும். கொழுக்கட்டைப் புல்லும் கொடிப் பயறினங்களும் தென்பட்டால் நிலம் நலம். ஆடு கடிக்காத ஆவாரை, விராலி, எருக்கு மட்டும் ஆங்காங்கே நின்று, இடையில் வெறும் சரளை பளபளத்தால் நிலம் நோயுற்றிருக்கிறது என்று பொருள்.

எத்தனை ஆடு மேய்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 30 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 365 கிலோ. நன்றாகப் பேணிய மேட்டு மேய்ச்சல் தரையில் ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல் விளைவதாக வைத்துக்கொண்டால், அதில் பாதியைத்தான் ஆட்டுக்குக் கொடுக்கலாம். மறுபாதி தூருக்கும் விதைக்கும் மண்ணை மூடுவதற்கும் வேண்டும். ஆக, ஏக்கருக்கு ஓர் ஆடும் அதன் குட்டியும் மேயலாம். 40 ஏக்கர் புறம்போக்கு என்றால் சுமார் 55 ஆடுகள். அதே தரை சீரழிந்து கால் டன் புல்தான் தருகிறது என்றால் 14 ஆடுகளுக்குமேல் தாங்காது. ஒரு மாடு ஆறு ஆட்டுக்குச் சமம். தாளடியும் கடலைக்கொடியும் மரத்தழையும் துணைக்கு இருந்தாலும், முந்நூறு நானூறு உருப்படிகளை ஒரே தரையில் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பகலில் மேட்டில் மேய்ந்த ஆடுகளை இரவில் நஞ்சையில் கிடை போடுவது நம் நாட்டின் பழைய வழக்கம். நெல் வயலுக்கு அது மிகச் சிறந்த எரு. ஆனால் அந்த எருவெல்லாம் மேட்டு மண்ணிலிருந்து போனவை. தலைமுறை தலைமுறையாக மேடு பள்ளத்துக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது, திரும்பப் பெற்றதில்லை. 'ஒன்றுக்கும் உதவாத தரிசு' என்று ஏசப்படும் நிலம்தான் ஊரின் நஞ்சைக்கு உரம் போட்டது. ஆண்டில் சில இரவுகளாவது கிடையை மேட்டிலேயே மறித்தால் பட்ட கடனில் கொஞ்சம் அடைபடும்.

வயிற்றுக்கு என்ன வழி?

'சொல்வது எளிது; எனக்கு இருப்பதே இந்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். இதில் கடலை போடாமல் எப்படிப் பிழைப்பது?' என்று ஒரு சிறு விவசாயி கேட்டால் அதற்கு நேர்மையான பதில் சொல்லியாக வேண்டும். புல் வளர்த்து யாரும் மாடி வீடு கட்டிவிட முடியாது. ஆனால் ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வாங்கி, உழவுக்கும் களைக்கும் கூலி கொடுத்து, மூன்று ஆண்டுக்கு இரண்டு ஆண்டு விதைகூடத் திரும்பாத நிலத்தில் கடலை போடுவதும் பிழைப்பு அல்ல. கடன் வளர்வதற்கு அதுவே நேர்வழி.

நிலம் முழுவதையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் தவறு. கடப்பாறைச் சோதனையில் இரண்டடிக்குமேல் ஆழம் தெரிந்த பகுதி பெரும்பாலும் சரிவின் கீழ்ப்புறத்தில் இருக்கும். மேலிருந்து வந்த மண் தங்கிய இடம் அது. அங்கே சரிவுக்குக் குறுக்காக உழுது கடலையோ கொள்ளோ தட்டைப்பயறோ விதைக்கலாம். மண் பரிசோதனை செய்து, அமிலம் மிகுந்திருந்தால் பரிந்துரைத்த அளவு சுண்ணாம்பு இட்டு, தழைச்சத்தைப் பல தவணையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடிக்கல் வெடித்தும் மென்மையாகவும் உள்ள இடத்தில் முந்திரி வேரூன்றும். ஓரடிக்குக் குறைவான மேல்பகுதியைப் புல்லுக்கு விட்டுவிட வேண்டும்.

கல்லின்மேல் படர்ந்த வேரை நம்பிப் பெருமரங்களை நெருக்கி நடுவதும் நல்லதல்ல. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூர்ப் பகுதியில் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததையும், 2018 நவம்பர் 16-இல் 'கஜா' புயல் புதுக்கோட்டைத் தோப்புகளை அழித்ததையும் உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காற்றில் ஆழ வேரூன்றிய மரமே நிற்கவில்லை. ஆழம் காணாத மரத்தின் கதி என்னவாகும்? இங்கே மெல்ல வளர்ந்து வறட்சி தாங்கும் வெள்வேல், உசில், வேம்பு ஆகியவற்றை இடைவெளி விட்டு வளர்ப்பதே போதும். கோடையில் உதிரும் வெள்வேல நெற்று ஆடுகளுக்கு நல்ல தீவனம்.

புல் ஏற்படுத்தும் முறை

முதல் வேலை ஓடும் நீரை நிறுத்துவது. நிலத்தில் கிடக்கும் சரளைக்கல்லைப் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்காகச் சமமட்டத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல்வரப்பு அடுக்கலாம். தண்ணீர் கசிந்து போகும், மண் தங்கிவிடும். சிறு ஓடைகளின் தலைப்பிலிருந்தே கல்தடுப்பு வைத்துக்கொண்டு கீழே வரவேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேல்வெள்ளம் அனைத்தையும் அடித்துப் போய்விடும்.

அடுத்து விதை. கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் இந்த மண்ணுக்கு ஏற்ற இணை. புல் மண்ணைப் பிடிக்கும். முயல் மசால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கும். அமிலத்தையும் மணிச்சத்துக் குறைவையும் தாங்கும். ஏக்கருக்கு இரண்டிலும் ஏறத்தாழ 3 கிலோ விதை போதும். அறுத்த உடனே கொழுக்கட்டை விதை சரியாக முளைக்காது. ஆறு மாதத்துக்குமேல் வைத்திருந்த விதையே நல்லது. முயல் மசால் விதையின் தோல் கடினமானது. கொதிக்கவைத்து இறக்கிச் சற்றே ஆறிய நீரில் 4 நிமிடம் இட்டு எடுத்து, ஓரிரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும்.

ஏர் பூட்ட வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்காக ஒன்றரை அடிக்கு ஒரு கோடு வீதம் களைக்கொத்தால் கீறிவிட்டாலே போதும். புல் விதை இலேசானது, காற்றில் பறக்கும். ஈர மண்ணும் சாணமும் கலந்து சிறு உருண்டைகளாக்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் கோட்டில் இட்டு இலேசாக மூடிவிடலாம். மணிச்சத்துக்கு இத்தகைய அமில மண்ணில் ராக் பாஸ்பேட் மெதுவாகக் கரைந்து நீண்ட நாள் உதவும்.

முதல் ஆண்டு ஆடு மாடு விடக்கூடாது. அரிவாளால் நான்கு விரல் தூர் விட்டு அறுத்துப் போடலாம். அதன்பின் நிலத்தை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதிக்கு மழைக்காலம் முழுவதும் ஓய்வு கொடுத்து, புல் விதை உதிர்ந்த பிறகே ஆட்டை விட வேண்டும். நான்கு ஆண்டில் நான்கு பகுதிக்கும் ஓய்வு கிடைத்துவிடும். இதற்குச் செலவே இல்லை. ஊர்க் கட்டுப்பாடு மட்டுமே வேண்டும்.

மேட்டைக் காத்தால் கிணறு நிறையும்

புதுச்சேரிக்கு அருகே 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்ட மேடு இதே கடலூர் மணற்பாறையின் மேல் உள்ளது. அப்போது அது மரமின்றி, செம்மண் அரித்து, பெரும் பள்ளங்கள் விழுந்து கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் செந்நீர் கடலுக்கு ஓடியது. அங்குள்ளவர்கள் முதலில் வரப்புப் போட்டும் சிறு தடுப்பணை கட்டியும் நீரை நிறுத்தினார்கள், மேய்ச்சலைத் தடுத்தார்கள், பிறகு மரம் வைத்தார்கள். இன்று அது காடு. அத்தனை ஆள் பலமும் காலமும் எல்லா ஊருக்கும் வாய்க்காது. ஆனால் முதல் வேலை வரப்புதான், உழவு அல்ல என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

மணற்பாறையில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. கடலோர மாவட்டங்களின் நிலத்தடி நீருக்கு இந்தப் பாறை அடுக்கு ஒரு பெரும் தொட்டி. நெய்வேலியில் நிலக்கரி எடுக்க வேண்டுமானால் அடியிலிருந்து மேலெழும்பும் நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே அந்தத் தொட்டியின் அளவை ஊகிக்கலாம். அந்தத் தொட்டிக்கு நீர் இறங்கும் வாய் இந்த மேட்டு நிலங்களில்தான் இருக்கிறது. மேட்டில் புல் இருந்தால் மழைநீர் நின்று வெடிப்புகளில் இறங்கும். புல் போனால் வண்டல் வந்து அந்த வாயையே அடைத்துவிடும். பள்ளத்தில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்கு மேட்டுப் புறம்போக்கைப் பற்றிக் கவலை இல்லை என்றால், தம் கிணற்றைப் பற்றியே அவருக்குக் கவலை இல்லை என்றுதான் பொருள்.

தரிசு என்ற சொல்லை மாற்றுங்கள்

நிலம் இல்லாத குடும்பங்களுக்கு நாலு ஆடு வளர்க்க மிச்சமிருப்பது இந்த மேய்ச்சல் தரைதான். அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல. எல்லோருக்கும் சொந்தமான நிலம். கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே மீட்டுத் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2011 ஜனவரியில் கூறியிருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்து மண்ணைக் காக்காது. ஊராட்சிதான் காக்க வேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் கிராம சபை மூன்று தீர்மானங்களை நிறைவேற்றினால் போதும். மண்ணின் ஆழம் பார்க்காமல் எந்த மேட்டு நிலத்தையும் உழவுக்குத் திருத்தக் கூடாது. மேய்ச்சல் தரையில் சரளை அள்ள விடக் கூடாது. மழைக்காலத்தில் தரையின் நான்கில் ஒரு பங்குக்கு ஓய்வு தர வேண்டும். தரிசு மேம்பாட்டுக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளும் ஏக்கர் கணக்கோடு ஆழக் கணக்கையும் கேட்க வேண்டும். 'எத்தனை ஏக்கர் உழவுக்கு வந்தது?' என்பது மட்டும் சாதனைக் கணக்கானால், எத்தனை ஏக்கர் கல்லாயிற்று என்பதை அடுத்த தலைமுறைதான் எண்ண வேண்டிவரும்.

ஐப்பசி பிறப்பதற்குள் கடப்பாறையை எடுத்துக்கொண்டு மேட்டுக் கொல்லைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஓரடிக்குள் கல் தட்டினால் ஏரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புல் விதையோடு திரும்பிச் செல்லுங்கள்.